முந்தநாள் தண்ணீரை இன்று சொன்ன பெட்டி

பரமநாதனின் மூத்த மகள் வேணுஜாவுக்கு என்ன வேலை என்று உயிலங்குளத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டால் கம்பியூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் என்ன செய்கிறாள் என்பது போன காலபோகத்தில், மழைக்கால நெல் விளைகிற போகத்தில்தான் எல்லோருக்கும் விளங்கியது. ஒரு மனுசியின் மூன்று ஏக்கர் நெல் மண்ணுக்குள் போன பிறகுதான் விளங்கியது.

பரமநாதன் என்னுடைய சின்னம்மாவின் மகன். அவன் பெண்சாதி அன்னப்பிள்ளை முருங்கன் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது இருவரும் பேசாலைக் கரையில் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனார்கள். அப்போது அன்னப்பிள்ளைக்கு வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் வேணுஜா. மண்டபம் முகாமில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், ராமநாதபுரத்தில் கம்பியூட்டர் படிப்புப் படித்து முடித்தாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் குடும்பத்தோடு திரும்பி வந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. வந்த புதிதில் அவளுடைய இந்தியச் சான்றிதழை எந்த அரசாங்கக் கந்தோரும், எந்த அலுவலகமும் ஏற்கவில்லை. இரண்டு வருடம் தகப்பனோடு வயலில் களை பிடுங்கினாள். பிறகுதான் மன்னார் பட்டினத்தில் மீராசாஹிபு நடத்துகிற சின்னக் கந்தோரில் வேலை கிடைத்தது.

மீராசாஹிபுவின் ஆட்கள் பெட்டிகள் செய்வார்கள். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, மேலே ஒரு சூரியத் தகடு. கீரிக் கடற்கரையில் மீன் வைக்கிற குளிர் அறை எவ்வளவு குளிராய் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று அளந்து, கைத்தொலைபேசிக்கு அனுப்பும். பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமில் அளக்கிற பகுதியை வேறு பொடியங்கள் எழுதினார்கள். அனுப்புகிற பகுதியை எழுதியவள் வேணுஜா. அதை லைப்ரரி என்பார்கள். புத்தகம் ஒன்றும் கிடையாது. ஒருமுறை எழுதி வைத்த எழுத்து அது. எந்தப் பெட்டி என்றாலும் அதை எடுத்துப் பாவிக்கலாம். குளிர் அறைப் பெட்டியும் குளத்துப் பெட்டியும் செய்தி அனுப்புவது ஒரே எழுத்தாலேதான்.

எங்கள் பக்கத்தில் தொலைபேசிக் கோபுரம் மழைக்குப் படுத்துவிடும். கரண்ட் போனால் அரை நாளில் அதன் பற்றறியும் போய்விடும். அந்த நேரம் பெட்டி அளந்ததை என்ன செய்வது? உள்ளே ஒரு சின்ன மெமரி அட்டையில் எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். கோபுரம் எழும்பியதும் ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். சேர்த்து வைக்கிறதற்கு வேணுஜா ஒரு சட்டம் வைத்தாள். முதலில் வந்தது முதலில் போகும். வந்த எந்தச் செய்தியையும் எறிவதில்லை. இடம் நிரம்பிவிட்டால் புதிதாய் வருகிறது வெளியே நிற்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை அவள் படிப்பிலிருந்து எடுக்கவில்லை. முகாமில் காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். சனம் முதல்நாள் பின்னேரமே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடும். குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. ஆள் இல்லாவிட்டாலும் குடத்தில் கை வைக்கக்கூடாது. அதற்கு அங்கே அடிபிடி, மண்டை உடைவு எல்லாம் நடந்திருக்கிறது. ஒருமுறை அன்னப்பிள்ளையின் குடத்தை யாரோ தூக்கிப் பின்னால் வைத்துவிட்டார்கள். அன்று முழுக்க வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வேணுஜாவுக்கு அப்போது ஏழு வயது, தங்கச்சி கைக்குழந்தை. வளர்ந்து பெட்டிக்குச் சட்டம் எழுதினபோது அவள் செய்திகளைக் குடங்களாகவே பார்த்தாள். ஒரு குடத்தையும் அசைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்று வருடம் இந்தச் சட்டத்தால் ஒரு பிழையும் வரவில்லை. கீரிப் பக்கம் கோபுரம் போனாலும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். சேர்ந்தது கொஞ்சம், போனதும் கொஞ்சம்.

இனி எங்கள் குளத்துக் கதை. எங்கள் நாவலடிக்குளத்துக்குத் தண்ணீர் வருவது ஐந்து மைல் தள்ளிக் காட்டுக்குள் கிடக்கிற மேற்குளத்திலிருந்து. மேற்குளத்தில் ஒன்பது அடி தாண்டினால் அது வழியத் தொடங்கும். வழிகிற தண்ணீர் நான்கு மணி நேரத்தில் எங்கள் குளத்துக்கு வந்து சேரும். எங்கள் குளத்தின் வானில், தண்ணீர் வழிந்தோடுகிற அந்த வாயில், பலகை போட்டுத் தண்ணீரை உயர்த்தி வைத்திருப்போம். மேலேயிருந்து வெள்ளம் வருகிறது என்றால் பலகையை முன்னமே கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் குளக்கட்டின் தாழ்ந்த இடத்தால் ஏறிப் பாயும். வெள்ளம் வராத நாளில் கழற்றினால் போகத்துக்கு வேண்டிய தண்ணீர் வீணாய்ப் போகும். மேற்குளத்துக்கு மழையில் போகிறது லேசான வேலை இல்லை. சேறு, யானை. அதனால்தான் கமக்கார அமைப்பு, ஊர் விவசாயிகளின் சங்கம், மேற்குளத்தில் பெட்டி பூட்டச் சம்மதித்தது. பரமநாதன் கூட்டத்தில் எழும்பி, தன் மகள் எழுதின பெட்டி என்று பெருமையோடு சொன்னதும் ஒரு காரணம். அளவு போய்ச் சேர்வது குளத்தைப் பார்க்கிற ஜெகதீபனின் தொலைபேசிக்கு.

குளக்கட்டின் அந்தத் தாழ்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் பரமேஸ்வரியின் மூன்று ஏக்கர். பரமேஸ்வரி அன்னப்பிள்ளையின் அண்ணன் பெண்சாதி, வேணுஜாவுக்கு மாமி. அவர்கள் இந்தியாவுக்குப் போகவில்லை. மடு, விடத்தல்தீவு, பிறகு வன்னி என்று இடம்பெயர்ந்து கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியே திரும்பி வந்து வயலைத் திருத்தியவர் பரமேஸ்வரி. போனவர்களுக்கும் நின்றவர்களுக்கும் இடையில் எங்கள் ஊரில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பரமேஸ்வரி மட்டும் சில நேரம் சொல்லிவிடுவார்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. திங்கள் விடியக் கோபுரம் போனது. புதன் மத்தியானம்தான் திரும்பி வந்தது. வந்ததும் ஜெகதீபனின் தொலைபேசிக்கு அளவுகள் வரத் தொடங்கின. ஆறடி, ஆறடி ஓரங்குலம் என்று ஆறுதலாக ஏறியது. மூன்று மணிக்கு அவன் பார்த்தபோது ஏழடி பத்தங்குலம். ஒன்பதுக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறது என்று நினைத்துச் சாப்பிட வீட்டுக்குப் போனான். நான்கு மணிக்கு வெள்ளம் வந்துவிட்டது. பலகை பூட்டினபடியே நின்றது. தாழ்ந்த இடத்தால் தண்ணீர் ஏறிப் பாய்ந்து, இருபது நாள் பயிரை மண்ணோடு வாரிக்கொண்டு போனது. ஆட்கள் ஓடி ஓடிப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, நாலேகாலுக்கு, தொலைபேசி எட்டடி என்று சொல்லி, அடுத்த செய்தியில் ஒரே பாய்ச்சலாய் ஒன்பதரை என்றது.

வெள்ளிக்கிழமை வேணுஜாவும் ஜெகதீபனும் உழவு இயந்திரத்தில் மேற்குளத்துக்குப் போனார்கள். ஜெகதீபனுக்கும் குற்ற உணர்வு. பெட்டியைத் திறந்து தன் மடிக்கணினியில் கொழுவி, அட்டையில் அந்த நாட்களில் என்னென்ன எழுதப்பட்டது என்று அவள் எடுத்துப் பார்த்தாள்.

மொத்தம் நாற்பத்தோராயிரம் செய்தி. அதில் தண்ணீர் அளவு இரண்டாயிரத்துச் சொச்சம்தான். பற்றறி, வெயில், மழை என்று இன்னும் ஆறு ஏழாயிரம். மிச்சம் முப்பத்திரண்டாயிரமும் ஒரே செய்தி: கோபுரம் கிடைக்கவில்லை. பெட்டி நான்கு விநாடிக்கு ஒருமுறை கோபுரத்தைத் தேடியிருக்கிறது. கிடைக்காத ஒவ்வொரு தடவையும் அதையும் ஒரு செய்தியாக எழுதி வரிசையில் வைத்திருக்கிறது. செவ்வாய் பின்னேரம், தண்ணீர் எட்டடியில் நிற்கும்போது, அட்டை நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு அளந்த அளவுக்கு இடமில்லை. புதனன்று கோபுரம் வந்ததும் திங்கட்கிழமைச் செய்தியிலிருந்து தொடங்கி, அந்த முப்பத்திரண்டாயிரம் குறையையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு, ஒழுங்கு தவறாமல் ஒன்றொன்றாக அனுப்பியிருக்கிறது. மூன்று மணிக்கு ஜெகதீபன் பார்த்த ஏழடி பத்தங்குலம் முதல்நாள் பின்னேரத்துத் தண்ணீர். செய்தியின் நேரம் திரையின் அடியில் எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் கிடந்தது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவள் எதையும் மறைக்கவில்லை. அன்றே நேரே பரமேஸ்வரியின் வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். பரமேஸ்வரி உட்காரக் கதிரை எடுத்துப் போடவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அப்ப என்ர வயலுக்க வெள்ளம் போகேக்க, உன்ர பெட்டி தனக்குக் கோபுரம் கிடைக்கேல்ல எண்டு அழுதுகொண்டு நிண்டிருக்கு."

"ஓம் மாமி."

"முப்பத்திரண்டாயிரம் தரம்."

"ஓம்."

பரமேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வேணுஜாவுக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது என்று பிறகு அன்னப்பிள்ளை எனக்குச் சொன்னாள்.

ஞாயிறு நடந்த கமக்காரர் கூட்டத்தில் பெட்டியைக் கழற்றி எறிய வேண்டும் என்று பலர் பிடிவாதமாய் நின்றார்கள். இந்தியாவிலிருந்து வந்தவைக்கு எங்கட குளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். பரமநாதன் தலையைத் தூக்கவில்லை. பரமேஸ்வரியிடம் கேட்டார்கள். அவர் சொன்னது இதுதான்: அவரிடம் மிச்சமாய் இருந்த விதை நெல்லை, மூன்று மாத நெல், மண்ணை ஒதுக்கிவிட்டுத் திரும்ப விதைத்திருக்கிறார். இனி விதைக்க வீட்டில் ஒரு மரைக்கால் நெல்லும் கிடையாது. மார்கழியில் இன்னொரு வெள்ளம் கட்டாயம் வரும். பெட்டி இல்லாவிட்டால் மேற்குளத்தைப் பார்க்க வழியும் இல்லை.

"அடுத்த மழைக்கு அது என்ன சொல்லுதெண்டு பாப்பம்" என்றார். பிறகு வேணுஜாவின் பக்கம் திரும்பி, "பிழையாச் சொன்னால் பெட்டியும் வேண்டாம், நீயும் இந்தக் குளக்கட்டுப் பக்கம் வரவேண்டாம்" என்றார்.

மாமி வாயிலிருந்து வந்ததால் கூட்டம் அதோடு முடிந்தது.

வேணுஜா மன்னாருக்குப் போய் மீராசாஹிபுவிடம் சொன்னாள். அவர் நல்ல மனுசர், ஏசவில்லை. கார்ட் சின்னது, பெரிய கார்ட் போடுங்கோ, பத்து மடங்கு பிடிக்கும் என்றார். வேணுஜாவுக்கும் முதலில் அது சரியாகவே பட்டது. ஒரு செய்தியையும் எறியத் தேவையில்லை அல்லவா? பெரிய அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு உயிலங்குளத்துக்கு வந்தாள்.

பெட்டியைப் பரிசோதிக்க அவள் செய்த ஏற்பாட்டைப் பார்க்க அயலில் சனம் வந்துவிட்டது. முற்றத்தில் ஒரு பெரிய நீல வாளி. வாளிக்குள் தண்ணீர் அளக்கிற கம்பி. பெட்டியை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து மூடினாள். தகரத்துக்குள் இருந்தால் கோபுரம் கிடைக்காது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. இடையிடையே பரமநாதன் ஒரு தகரப் பேணித் தண்ணீர் ஊற்றுவான். நான்காம் நாள் காலையில் தகரத்தைத் திறந்தாள். தொலைபேசியைத் தகப்பன் கையில் கொடுத்து, இப்போது வாளியில் எவ்வளவு என்று அது சொல்லும்வரை பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

பரமநாதன் வேப்பமரத்துக்குக் கீழே நின்றான். வெயில் ஏறியது. கால் மாற்றி நின்றான். தொலைபேசியில் வாளி அடிமட்டத்திலிருந்து மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டு வந்தது. அன்னப்பிள்ளை சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள், அவன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே பார்த்தான். பின்னேரம் மூன்று மணிக்கும் பாதி வாளிதான்.

"வாளி வழியுது, இது இன்னும் அரைவாளி எண்டுது" என்றான் பரமநாதன். "பிள்ளை, இதைப் பார்த்துக்கொண்டு நிண்டால் நான் செத்துப்போவன்."

வேணுஜா வாளியைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். அட்டை பெரிதானதும் வரிசை இன்னும் நீண்டுபோய் நின்றது. பிழை இடத்தில் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. பத்து மடங்கு இடம் கொடுத்தாள், பெட்டி பத்து மடங்கு பழசைச் சேர்த்தது. அவ்வளவுதான்.

அடுத்தநாள் ஜெகதீபனைத் தேடிப் போனாள். அவன் வாய்க்காலில் புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்தான். கோபுரம் இரண்டு நாள் இல்லாமல் இருந்து திரும்பி வந்தால் உங்களுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டாள். அவன் மண்வெட்டியை நிறுத்தாமலே சொன்னான்: இப்போது எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஒன்றும் வேண்டாம். பலகையைக் கழற்றிவிட்டு வந்து ஆறுதலாய்ப் பார்க்கலாம்.

"முந்தநாள் எவ்வளவு நிண்டதெண்டு எனக்கென்னத்துக்கு, தங்கச்சி? அந்தத் தண்ணி கடலுக்கே போட்டுது."

வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினாள். கோபுரம் கிடைக்கவில்லை என்பதை இனிப் பெட்டி செய்தியாய் எழுதாது, எத்தனை தரம் தேடினது என்று ஒரு எண்ணிக்கை மட்டும் வைத்திருக்கும். தேடுவதும் நான்கு விநாடிக்கு ஒருமுறை இல்லை. கிடைக்காமல் போகப் போக இடைவெளியைக் கூட்டிக்கொண்டே வரும். சேர்த்து வைக்கிறதுக்கு ஓர் எல்லை. கோபுரம் வந்ததும் கடைசிச் செய்தி முதலில் போகும், நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு. இவ்வளவையும் இரண்டு நாளில் எழுதிவிட்டாள். ஒரு வரி மட்டும் மிச்சம். எல்லை வந்ததும் எதை எறிவது?

அந்த ஒரு வரியில் நான்கு நாள் இருந்தாள். எழுதுவாள், அழிப்பாள். சாப்பாட்டில் மனமில்லை. அன்னப்பிள்ளை என்ன என்று கேட்டதற்கு, பழைய செய்தியை எறியச் சொல்லி எழுத வேண்டும், கை போகுதில்லை என்றாள். அது அவர்கள் முகாமில் வாழ்ந்ததால் வந்த குணம். கியூ பிராஞ்சுப் பொலிஸ்காரன் திடீரென்று வந்து ஆறு வருடத்துக்கு முந்தின துண்டுச் சீட்டைக் கேட்பான். இல்லை என்றால் அந்த மாதம் அரிசி இல்லை. அந்த வீட்டு அலுமாரியில் இன்றைக்கும் இந்திய பஸ் ரிக்கற் கிடக்கிறது. எறிகிற பழக்கமே அந்தக் குடும்பத்தில் இல்லை.

ஐந்தாம் நாள் காலை வேணுஜா சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போனாள். தாழ்ந்த இடத்தில் நின்று கீழே பார்த்தாள். பரமேஸ்வரி தனியே குனிந்து, நெருங்கி முளைத்த நாற்றைப் பிடுங்கி முளை வராத இடங்களில் நட்டுக்கொண்டிருந்தார். விதைத்துப் பதினான்கு நாள். பயிர் விரல் நீளம். மாமி நிமிர்ந்து பார்க்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து அந்த வரியை எழுதினாள்.

அப்போதும் அவள் முழுக்க எறியவில்லை. எல்லை நெருங்கினால், பழைய அளவுகளில் மணிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறியும். அதற்கும் இடம் போதாவிட்டால், ஆகப் பழசு போகும். புதிதாய் வருகிற அளவுக்கு எப்போதும் இடம் இருக்கும். எத்தனை எறியப்பட்டது என்ற கணக்கைப் பெட்டி ஒளிக்காமல் கடைசியில் சொல்லும். மீராசாஹிபு படித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை, நீ எறியிறதுக்கும் சாட்சி வைக்கிறாய் என்றாராம்.

வாளியையும் தகரத்தையும் திரும்ப வைத்தார்கள். நான்காம் நாள் தகரத்தைத் திறந்ததும், பரமநாதன் வேப்பமரத்துக்குப் போய்ச் சேருமுன்னே தொலைபேசி சத்தம் போட்டது. வாளி நிறைய என்றது.

பெட்டியை மேற்குளத்தில் பூட்டி ஆறாம் நாள் மழை வந்தது. கிழக்கால் கறுத்துக்கொண்டு வந்து புதன் இரவு கொட்டத் தொடங்கியது. வியாழன் காலை கோபுரம் போனது. வெள்ளி முழுக்க இல்லை. மேற்குளத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பலகையை இப்போதே கழற்றுவோம் என்று சிலர், கழற்றினால் தை மாதம் பயிருக்குத் தண்ணீர் எங்கே என்று சிலர். ஜெகதீபன் ஒரு பக்கமும் சாயாமல் தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோபுரம் வந்தது. பத்துப் பத்துக்கு ஜெகதீபன் வேணுஜாவுக்கு அழைத்தான். அவள் வீட்டில் இருந்தாள்.

"பிள்ளை, ஒன்பதடி ஓரங்குலம் எண்டுது. ஏறுதாம். இது இண்டையானோ, முந்தநாளையானோ?"

"நேரம் என்ன கிடக்கு அண்ணை?"

"பத்து மணி எட்டு நிமிசம்."

"அப்ப இண்டையான்தான்."

அவன் திரும்பி அதை ஆட்களுக்குச் சொன்னான். மழைச் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஆட்கள் ஏதோ கத்தினார்கள்.

"இஞ்ச எல்லாரும் நிக்கினம். கழட்டினால் திரும்பப் பூட்டி நிரப்பேலாது. உனக்கு விளங்குதோ? நீ சொல்லு."

பெட்டி பிழை என்றால் ஊரின் தை மாதத் தண்ணீர் அவள் பேரில் போகும். பெட்டி சரியாய் இருந்து அவள் தயங்கினால் பரமேஸ்வரியின் கடைசி விதை போகும். பெட்டியின் செய்திகள் தனக்கும் வரும்படி வைத்திருந்த மடிக்கணினியை அவள் பார்த்தாள். பெட்டி இரண்டாவதாய் அனுப்பின செய்தியும் வந்திருந்தது. மூன்றாவதும். ஒவ்வொன்றும் முன் வந்ததைவிட ஒரு நிமிடம் பழசு, பெட்டி கடைசியிலிருந்து பின்னோக்கித்தான் அனுப்புகிறது.

"பலகையைக் கழட்டுங்கோ அண்ணை. நான் வாறன்."

அவள் போய்ச் சேரும்போது நான்கு பலகையில் மூன்று கழன்றுவிட்டது. வானால் தண்ணீர் வெள்ளையாய்ப் பாய்ந்தது. சனம் வரிசையாய் நின்று அதைப் பார்த்தது, வீட்டுச் சாமானை யாரோ ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி. பதினொன்றானது. பன்னிரண்டானது. மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. போகத்துத் தண்ணி போகுது, வெள்ளத்தைக் காணேல்ல என்று ஒருவர் முணுமுணுத்தார். பரமநாதன் அவருக்குப் பக்கத்திலேயே நின்றான். குளம் ஒன்றரை அடி இறங்கிவிட்டது.

பரமேஸ்வரி யூரியாப் பை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தாழ்ந்த இடத்தில், தன் வயலுக்கு மேலே நின்றார். வேணுஜா போய்ப் பக்கத்தில் நின்றாள். பரமேஸ்வரி, நீ சாப்பிட்டனியோ என்று கேட்டார். இல்லை என்றாள். அவரும் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, வாய்க்கால் பக்கம் நின்றவர்கள் கை காட்டினார்கள். முதலில் காய்ந்த சருகும் தடியும் மிதந்து வந்தன. பிறகு ஒரு முழுப் பாலை மரம் வேரோடு உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர், வாய்க்கால் இரண்டு கரையும் தட்ட. இறங்கியிருந்த ஒன்றரை அடியும் ஒரு மணி நேரத்தில் ஏறியது. தாழ்ந்த இடத்துக்கு நான்கு விரல் கீழே வந்து, வானால் போகிறதும் வருகிறதும் சரிக்குச் சரியாகி, அங்கேயே நின்றது. கட்டுக்குள்ளால் கசிந்து பரமேஸ்வரியின் வயலில் ஒரு மூலை கெட்டது. மிச்சம் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. ஜெகதீபன் சேறு பூசின கையோடு வந்து, வேணுஜாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கூட்டம் நடந்தபோது நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தரும் வந்திருந்தார். மழை நாட்களின் அளவு முழுவதும், நிமிடத்துக்கு நிமிடம், தனக்கு வேண்டும் என்றார். வேணுஜா இருந்ததைக் கொடுத்தாள். வியாழனுக்கும் வெள்ளிக்கும் மணிக்கு ஒன்றுதான் இருந்தது. மிச்சம் எங்கே என்று அவர் கேட்டார். எறிந்துவிட்டது, இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதின்மூன்று செய்தி எறிந்திருக்கிறது என்று அவள் எழும்பி நின்று சொன்னாள். உத்தியோகத்தருக்கு முகம் கறுத்தது. தரவை எறிகிற பெட்டியை வைத்து என்ன செய்கிறது, அறிக்கையில் நான் என்னத்தை எழுதுகிறது என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இனிக் கந்தோருக்கு வேறாய் ஒரு பிரதி வைக்க வழி பார்க்கிறேன் என்றாள் வேணுஜா.

பரமேஸ்வரி தன் இடத்திலிருந்தபடியே பேசினார்.

"ஐயா, நிமிசத்துக்கு நிமிசம் வேணுமெண்டால் நீங்கள் வந்து மேற்குளத்தில நிண்டு எழுதுங்கோ. எங்களுக்குப் பத்து மணிக்குச் சொன்னதே போதும்."

சனம் சிரித்தது. உத்தியோகத்தரும் கடைசியில் சிரித்துவிட்டு, இருந்ததை வாங்கிக்கொண்டு போனார். பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. வாய்க்கால் துப்புரவுக்கு யார் யார் வருவது என்ற சண்டை தொடங்கியது.

கூட்டம் கலைந்தபோது பரமேஸ்வரி வேணுஜாவை வேலிப் பக்கம் கூப்பிட்டார். சட்டையின் உள்பையிலிருந்து ஒரு சின்ன, பொத்தான் வைத்த தொலைபேசியை எடுத்தார்.

"ஜெகதீபனுக்கு வாற செய்தி இதுக்கும் வருமோ?"

"வரும் மாமி. நம்பரைச் சொல்லுங்கோ, போட்டுவிடுறன்."

பரமேஸ்வரி யோசித்தார். தன் நம்பர் அவருக்குத் தெரியாது. அவரை யாராவது அழைப்பார்களே ஒழிய, அவர் ஒருவருக்கும் தன் நம்பரைச் சொன்னதில்லை.

"அப்ப உங்கட போனால எனக்கு அடியுங்கோ மாமி" என்று வேணுஜா தன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாய்ச் சொன்னாள். பரமேஸ்வரி பெருவிரலால் ஒவ்வொன்றாய் அமத்தினார், இரண்டு தரம் பிழை விட்டுத் திரும்ப அமத்தினார். வேணுஜாவின் கையிலிருந்த தொலைபேசி மணி அடித்தது. நம்பர் விழுந்ததும் அவள் அதை நிறுத்தப் போனாள்.

"எடு, எடு" என்றார் பரமேஸ்வரி, தொலைபேசியைக் காதில் வைத்தபடி. "கேக்குதோ எண்டு பாப்பம்."